தொட்டியைக் கழுவுவது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுப் பால்கனியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பேன். ஒரு கையில் ரப்பர் குழாய், பக்கத்தில் இரண்டு பக்கெட். ஆமைத் தொட்டி கழுவும் நேரம் அது. மந்தைவெளியில் அந்த நேரத்தில் கோயில் மணியும், பால் வண்டியும், எதிர்வீட்டு மாமியின் சுப்ரபாதமும் கேட்கும். எங்கள் பால்கனியிலிருந்து மட்டும் குளத்துச் சேறு வாடை வரும்.

ஆணவக் கொலை, பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு என்று எழுதிக்கொண்டிருப்பவன் திடீரென்று ஆமை வளர்ப்பு பற்றி எழுதுகிறானே என்று தோழர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள். இது ஆமையைப் பற்றிய கட்டுரைதான். ஆனால் அந்த ஆமைகள் எங்கள் வீட்டுக்கு வந்த வழியைச் சொல்லாமல் ஆமையைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

என் அம்மாவின் தங்கை, என் சித்தி, தி.நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தார். 2015 வெள்ளத்துக்கு முன்பு சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் குடியிருந்தவர். வெள்ளம் வடிந்ததும் ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்தார்கள். சித்திக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள். வீடு போனது, வேலை தி.நகரிலேயே இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்து போனார்.

2016இல் அந்த வீட்டுக்காரர்கள் இரண்டு ஆமைக்குட்டிகளை வாங்கி வந்தார்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பழமொழி சொல்லும் ஊரில், வடக்குத் திசையில் தண்ணீரில் ஆமை இருந்தால் செல்வம் சேரும் என்று யாரோ வாஸ்து சொல்லியிருக்கிறார்கள். லட்சுமி, குபேரன் என்று பெயரும் வைத்தாயிற்று. கூடத்தில் இரண்டடி கண்ணாடித் தொட்டி, அடியில் நீலக் கூழாங்கல், நடுவே ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம்.

பெயர் வைத்தது அவர்கள். கழுவியது சித்தி. சனிக்கிழமைதோறும் தொட்டியைக் காலி செய்து, கல்லை அலசி, கண்ணாடியைத் தேய்த்து, திரும்பத் தண்ணீர் நிரப்ப வேண்டும். சம்பளம் பேசும்போது ஆமை கிடையாது. பாத்திரம், பெருக்கல், துடைத்தல், துணி என்று பேசிய கணக்கில் அது சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டது.

தொட்டிக்கு ஊற்றியது கேன் தண்ணீர். போர் தண்ணீர் விட்டால் கண்ணாடியில் உப்புப் படிகிறதாம். சித்திக்குக் குடிக்கக் கொடுத்தது எவர்சில்வர் டம்ளரில். அந்த டம்ளர் பாத்திரம் கழுவும் இடத்தில் சிங்க்குக்குக் கீழே தனியாக இருக்கும். இதைச் சித்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். 'அதுங்களுக்குக் கேன் தண்ணி, எனக்குக் குழாத் தண்ணி. அதுங்க லட்சுமி ஆச்சே.'

2019 கோடை நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த கோடை. பெரும்பாக்கத்தில் ராத்திரி லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்காமல் உட்கார்ந்திருப்பார் சித்தி. காலையில் தி.நகர் வந்து இரண்டு கேன் தண்ணீரைத் தூக்கி ஆமைத் தொட்டியில் ஊற்றுவார். அந்த வருஷத்தைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். 'ஊத்தும்போது அந்தச் சத்தம் கேக்கும் பாரு' என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

எங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உள்ள உறவு பழையது. மஹாட் சவுதார் குளத்தில் ஆடு மாடு குடிக்கலாம், தீண்டத்தகாதவர்கள் குடிக்கக் கூடாது என்றிருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? 108 குடம் பஞ்சகவ்யத்தை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். சாணியும் மாட்டு மூத்திரமும் கலந்தால் தண்ணீர் சுத்தமாகும், மனிதன் தொட்டால் அழுக்காகும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் எங்கள் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. அதற்குப் பிறகு தொட்டி என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்கு ஒரு கணம் நெஞ்சு இறுகும்.

ஆகவே சுத்தம், அசுத்தம் என்றால் என்ன என்பதை ஆமைத் தொட்டியை வைத்தே பேசலாம்.

ஆமைத் தொட்டி நாறும். உண்மைதான். இந்த ஆமைகளுக்குத் தண்ணீருக்குள் வைத்துத்தான் இரையை விழுங்க முடியும். சாப்பிடுவதும் கழிப்பதும் ஒரே தண்ணீரில். கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அது ஆமையின் கண்ணையும் தோலையும் உறுத்தும். ஏரியிலும் ஆற்றிலும் இதே ஆமை இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே நாறுவதில்லை. தண்ணீர் நிறைய இருக்கிறது, கழிவைத் தின்னும் கிருமிகள் இருக்கின்றன. ஒருவகைக் கிருமி அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். நைட்ரேட்டைச் செடி தின்னும். அறுபது லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் இரண்டு ஆமையை அடைத்துவிட்டு, 'ஆமை அழுக்குப் பிராணி' என்றால் அது ஆமையின் குற்றமா? சேரிக்குக் குழாய் போடாமல், கழிவுநீர்க் கால்வாயை அதன் வழியாகவே விட்டுவிட்டு, 'அவங்க சுத்தமா இருக்க மாட்டாங்க' என்று சொல்லும் வாயை நமக்குத் தெரியும். இரண்டும் ஒரே வாய்தான்.

அந்த வீட்டில் வாரம் ஒருமுறை பினாயில் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சித்தியும் செய்திருக்கிறார். தேய்த்த இரண்டாம் நாளே தண்ணீர் கலங்கிவிடும். இன்னும் நன்றாகத் தேய் என்று திட்டு விழும். ஒரு சனிக்கிழமை பினாயில் தீர்ந்துபோனது. பில்டரில் இருந்த பஞ்சையும் அலசாமல் விட்டுவிட்டார், இடுப்பு வலி. அந்த வாரம் தண்ணீர் கலங்கவில்லை. சித்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து பினாயில் போட்டதாகப் பேர் பண்ணிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து திரும்ப வைத்திருக்கிறார். நல்ல கிருமி அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது, பினாயிலும் குளோரின் தண்ணீரும் அதைக் கொன்றுவிடும் என்று நான் பின்னால் யூடியூபில் இரண்டு மாதம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற சித்தி கையை உள்ளே விட்டே கண்டுபிடித்திருந்தார்.

தீனி விஷயத்திலும் அப்படித்தான். அது சைவ வீடு. மீன் வாசலுக்குள் வரக்கூடாது. ஆமைக்கு ரொட்டித் துண்டும் சாதமும் கோஸ் இலையும் போட்டிருக்கிறார்கள். குட்டி ஆமைக்குப் புரதமும் கால்சியமும் இல்லாவிட்டால் ஓடு இளகிப்போகும். வைட்டமின் ஏ குறைந்தால் கண் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை தீனி எடுக்காது. லட்சுமிக்குக் கண் இரண்டும் மூடிப்போனது. ஜன்னல் கண்ணாடி வழியாக வெயில் வருகிறதே என்று வேறு நினைத்திருக்கிறார்கள். ஓடு கெட்டிப்படத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். நேர் வெயில் வேண்டும், இல்லையென்றால் அதற்கான விளக்கு வேண்டும்.

சித்தி தன் சோற்று டப்பாவில் கொண்டுவரும் நெத்திலியில் இரண்டு தலையைப் பிரித்து எடுத்து, உப்புக் காரத்தைக் குழாயில் அலசி, முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, கூடத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டியில் போட்டிருக்கிறார். அவ்வப்போது கோழி ஈரல் துணுக்கு. துணி காயப்போடப் போகும்போது பக்கெட்டில் போட்டு மொட்டைமாடி வெயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூன்று வாரத்தில் லட்சுமி கண் திறந்தது. வீட்டுக்காரர்கள் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று சர்க்கரைப் பொங்கல் செய்தார்கள். சித்திக்கும் ஒரு தொன்னையில் கிடைத்தது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். ஆமைகள் சால்மொனெல்லா என்ற கிருமியைச் சுமக்கும். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, மனிதனுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து. இதனால்தான் அமெரிக்காவில் 1975இலிருந்து நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை வளர்ப்புப் பிராணியாக விற்கத் தடை. தற்காத்துக்கொள்வது எளிது. தொட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையல் சிங்க்கில் தொட்டிச் சாமான்களைக் கழுவக் கூடாது. கையுறை போட்டால் இன்னும் நல்லது.

இது தொற்று. சோப்புப் போட்டால் போய்விடும். யார் கை என்று பார்க்காது. தீட்டு வேறு ஜாதி. அது எந்தச் சோப்புக்கும் போகாது, ஆள் பார்த்துத்தான் ஒட்டும். அந்த வீட்டில் தொற்றுக்கு யாரும் பயப்படவில்லை. குழந்தைகள் ஆமையைக் கையில் எடுத்துக் கொஞ்சிவிட்டு அப்படியே முறுக்கு தின்னும். ஐந்து வருஷத்தில் சித்திக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித் தரவில்லை. ஆனால் டம்ளர் மட்டும் தனி. அந்தக் கழிவுக்குள் கை விட்டவருக்கு நோய் வருமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் உதடு பட்ட டம்ளரால் தங்களுக்கு ஏதோ வந்துவிடும் என்று தோன்றியிருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. பாதாளச் சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. இழப்பீடு ஏறியிருக்கிறது. கையுறை இன்னும் வந்து சேரவில்லை.

2021இல் அந்தக் குடும்பம் அமெரிக்கா கிளம்பியது. லட்சுமியும் குபேரனும் அதற்குள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நெருங்கிவிட்டிருந்தன. இந்த இனம் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்தைச் சேர்ந்தது. ஒரு விதத்தில் அவையும் அமெரிக்காதான். ஆனால் விசா இல்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் சித்திக்குப் பழைய புடவை நான்கு, பிரஷர் குக்கர் ஒன்று, திறந்த மசாலா டப்பாக்கள், கடைசியாக ஆமைகள். 'மயிலாப்பூர் குளத்துல விட்டுடு, புண்ணியம்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் பாட்டி இளம்வயதில் அந்தக் குளத்துப் படியில் இறங்க முடியாதவர். சென்னை மாகாணத்தின் கோயில் நுழைவுச் சட்டம் 1947இல்தான் வந்தது. அவருடைய மகளை இப்போது அதே படியில் இறங்கச் சொல்கிறார்கள், வேண்டாத ஆமையைக் கொண்டுபோய்க் கொட்ட.

சித்தி ஆட்டோவில் ஏறி, மடியில் பக்கெட்டோடு குளத்தைச் சுற்றிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். 'குளத்துல விட்டா இதுங்களுக்குத் தீனி யார் போடுவா? பசங்க கல்லால அடிப்பானுங்க. பெரும்பாக்கத்துல எனக்கே தண்ணி இல்ல. நீ வெச்சுக்கடா.'

அவர் விடாமல் வந்தது எவ்வளவு சரி என்று பிறகுதான் தெரிந்தது. ரெட் இயர்ட் ஸ்லைடர் என்கிற இந்த ஆமை உலகின் மோசமான நூறு ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. குளத்தில் விட்டால் வெயில் காயும் இடத்தையும் தீனியையும் நம்மூர் ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும். நம்மூர் ஆமைகளைப் பிடித்து வீட்டில் வைத்தாலோ 1972ஆம் வருஷ வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த அயலூர் ஆமை கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பெட்டி பெட்டியாகக் கடத்தி வந்ததைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த செய்திகள் அவ்வப்போது வருகின்றன. வாங்குபவர் யாரும் இது முப்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவதில்லை.

கண்ணாடித் தொட்டியை அவர்கள் யாருக்கோ விற்றுவிட்டார்கள். நான் முந்நூறு லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கிப் பால்கனியில் வைத்தேன். முந்நூறு லிட்டர் என்றால் முந்நூறு கிலோ. கொத்தனார் ஒருவரைக் கேட்டு, சுவரோரம் பீம் மேலே பாரம் இறங்குகிற மாதிரி வைத்தோம். ஏறி வெயில் காய இரண்டு செங்கல் மேல் ஒரு கடப்பா கல். காலை பத்து மணி வரை நேர் வெயில் வரும், பாதித் தொட்டிக்கு நிழல் உண்டு. பில்டர் சொந்தத் தயாரிப்பு: இருபது லிட்டர் பக்கெட், உடைத்த செங்கல், பஞ்சு, கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கிய சின்ன மோட்டார். வளர்ந்த ஆமைக்குக் கீரையும் பாசியும்தான் அதிகம் வேண்டும், மீன் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பழமொழியைச் சொன்னார். வாடகை ஒழுங்காக வருவதால் அதோடு விட்டார்.

இனி வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும்.

வேறு வேலை கிடைக்கும் வரை சித்தி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். முதல் ஞாயிறு வந்ததும் நேரே பால்கனிக்குப் போய்ப் புடவையைச் சொருகிக்கொண்டு தொட்டியைக் கழுவ உட்கார்ந்துவிட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது, குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஞாயிறும் அவர்தான் கழுவினார். மூன்றாம் ஞாயிறும். துப்புரவுத் தொழிலாளர் உரிமை பற்றி நான் பேசப்போன கூட்டங்களுக்கு நடுவே, என் வீட்டுப் பால்கனியில் என் சித்தி எனக்காகக் கழிவு அள்ளிக்கொண்டிருந்தார். அது எனக்கு உறைக்கவே இல்லை. சித்திக்குப் பழக்கம், பாசம், ஆமைகளுக்கும் அவரைத் தெரியும் என்று மனசு சமாதானம் சொன்னது. எல்லா எஜமானர்களுக்கும் மனசு இதைத்தான் சொல்லும்.

ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் கேட்டாள். 'ஆயாவுக்கு நீ எவ்ளோப்பா சம்பளம் தர்ற?'

'சம்பளமா? ஆயா நம்ம வீட்டு ஆளுடா.'

'அந்த வீட்லயும் அப்படித்தான் சொன்னாங்களாம்.'

அவள் கணக்கு நோட்டை எடுத்தாள். ஐந்து வருஷம், வருஷத்துக்கு 52 சனிக்கிழமை, 260 தடவை. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம். 390 மணி நேரம். பக்கத்தில் 'ரூ. 0' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். கீழே இன்னொரு வரி: 'அப்பா வீடு: 3 தடவை, ரூ. 0.'

நான் எழுந்து பால்கனிக்குப் போய்ச் சித்தி கையிலிருந்த குழாயை வாங்கினேன். அவர் தரவில்லை. 'உனக்கு எதுக்குடா இந்த நாத்தம், போய்ப் படி' என்றார். படிக்கிற பிள்ளையின் கை அழுக்காகக் கூடாது என்பதற்காக எங்கள் வீடுகளில் எத்தனை பெண்கள் எத்தனை அழுக்கைத் தொட்டிருக்கிறார்கள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான் நான் மேடையில் பேசுகிறேன். கொஞ்சம் பலமாகவே இழுத்துக் குழாயை வாங்கினேன்.

அன்றிலிருந்து தொட்டி என் வேலை, மகள் பெரியவளான பிறகு அவளுடைய வேலையும். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். முந்தின ராத்திரியே பக்கெட்டுகளில் பிடித்துத் திறந்து வைத்துக் குளோரின் போக விட்ட தண்ணீர். வடித்த தண்ணீர் செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும். பச்சையாகத் தின்னும் எதற்கும் ஊற்றுவதில்லை. முழங்கை வரை கையுறை. மருந்துக்கடையில் கிடைக்காது, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். விலை அப்படி ஒன்றும் அதிகமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆமை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஏற்கனவே இருந்தால் குளத்தில் விடாதீர்கள். வளர்க்கிறீர்கள் என்றால் நீங்களே கழுவுங்கள். முடியவில்லை, வேலைக்கு வரும் அக்காதான் கழுவ வேண்டும் என்றால் அதற்குத் தனியாகக் கூலி பேசுங்கள், கையுறையும் சோப்பும் கொடுங்கள், நீங்கள் குடிக்கும் டம்ளரில் தண்ணீர் கொடுங்கள். பாசம் அதற்குப் பிறகு இருக்கட்டும்.

போன ஞாயிறு சித்தி வந்திருந்தார். இப்போது அடையாறில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே நான் கழுவுவதைப் பார்த்தார். லட்சுமி கழுத்தை நீட்டி அவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தால் அது தண்ணீருக்குள் போய்விடும்.

'குழாய மேல புடிச்சா மேல் தண்ணிதான்டா வரும்' என்றார் சித்தி. 'அடியில வை. கசடு அங்கதான் இருக்கு.'

அடியில் வைத்தேன். பக்கெட்டில் கறுப்பாக இறங்கியது.